270 வருடப் புகையைக் கிராஃப் தாளில் வரைவது எப்படி

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வருடா வருடம் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் இரண்டு பீரியட் ஒதுக்கி, நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து உலகம் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று பிள்ளைகளைக் கையால் வரைய வைக்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் வந்துவிடும் படம்தான். ஆனால் பென்சில் மேலே ஏறும் தூரத்தைக் கை உணர வேண்டும் என்பது என் பிடிவாதம். வீட்டில் நீங்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரையலாம்.

மில்லிமீட்டர் கிராஃப் தாள் இரண்டு எடுத்து, நெட்டுவாக்கில் வைத்துப் பக்கவாட்டில் செல்லோடேப்பால் ஒட்டுங்கள். கீழே ஓர் ஆண்டுக்கு ஒரு மி.மீ.; 1750-இல் தொடங்குங்கள். நிமிர்ந்த அச்சில் ஒரு செ.மீ. என்றால் 200 கோடி டன். அட்டவணைகளில் பில்லியன் என்று இருக்கும். ஒரு பில்லியன் 100 கோடி. கோடியில் சொன்னால்தான் நம் பிள்ளைகளுக்கு அளவு பிடிபடுகிறது.

புள்ளி வைப்பதற்கு முன்னால் அட்டவணையின் தலைப்பைப் படியுங்கள். இதில் நான் தவறியிருக்கிறேன். ஒரு வருடம் 1950 வரை ஓர் அட்டவணையிலிருந்தும், அதற்குப் பிறகு இன்னொன்றிலிருந்தும் எண்களை எடுத்துப் பலகையில் எழுதிவிட்டேன். 1950-க்கு 163 கோடி, 1960-க்கு 940 கோடி. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அந்தப் பத்து வருஷத்துல அப்படி என்ன சார் நடந்துச்சு?" என்று கேட்டாள். அவ்வளவு பெரிதாக எதுவும் நடக்கவில்லை. முதல் அட்டவணை வெறும் கார்பனின் எடை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் தொகுத்த 1751 முதலான பழைய கணக்கு அப்படித்தான் இருக்கும். இரண்டாவது, கார்பன் டை ஆக்சைடின் எடை. கார்பன் 12, அதோடு சேரும் இரண்டு ஆக்சிஜன் 32, மொத்தம் 44. ஆகவே கார்பன் கணக்கை 44/12-ஆல், அதாவது 3.67-ஆல் பெருக்க வேண்டும். 163 கோடி உடனே 600 கோடி ஆகிவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான் இருக்கும், அதை எரித்தால் எப்படி 2.3 கிலோ வாயு வரும் என்ற கேள்விக்கும் பதில் இதுவே: மீதி எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன்.

தலைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'புதைபடிவ எரிபொருளும் தொழிற்துறையும்' என்று போட்டிருந்தால் அது ஆலைகளின் கணக்கு மட்டும் அல்ல. அனல்மின் நிலையம், லாரி, வீட்டு கேஸ் அடுப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். தொழிற்துறை என்று தனியாகச் சொல்வது பெரும்பாலும் சிமென்ட்டை: சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லே பிரிந்து வாயுவை விடுகிறது. விறகும் காடழிப்பும் இதில் சேராது.

இனிப் புள்ளிகள். 1750-இல் ஒரு கோடி டன்னுக்கும் சற்றுக் குறைவு, ஏறக்குறைய முழுவதும் பிரிட்டனின் நிலக்கரி. நம் தாளில் அதன் உயரம் பென்சில் கோட்டின் தடிமனைவிடக் குறைவு. 1850-க்குச் சுமார் 20 கோடி, ஒரு மி.மீ. முதல் பத்து செ.மீ. தூரத்துக்குக் கோடு தரையோடு தரையாகத்தான் போகும், பொறுமையாக இழுங்கள். 1900-க்கு 200 கோடி, 1950-க்கு 600, 1975-க்கு 1,700, 2000-க்கு 2,500, 2010-க்கு 3,300. 2023-க்கு 3,700 கோடியைத் தாண்டுகிறது; பென்சில் கிட்டத்தட்ட 19 செ.மீ. உயரத்தில் நிற்கும்.

இந்தப் புள்ளிகளை மட்டும் இணைத்தால் சரிவுகள் மறைந்துபோகும். 1929-இல் 420 கோடி, 1932-இல் 310 கோடி. பெருமந்தத்தில் ஆலைகள் மூடியதால் மூன்றே வருடத்தில் கால்பங்கு குறைந்தது. தாளில் அது ஐந்தரை மி.மீ. பள்ளம். பிறகு 2019-இல் 3,700, 2020-இல் 3,500: கொரோனா முடக்கம். விழுக்காட்டில் ஐந்து சொச்சம்தான். ஆனால் டிவைடரை எடுத்து அந்த இறக்கத்தை அளந்து, முள்ளை அசைக்காமல் 1900-க்குக் கொண்டுபோய் வையுங்கள். ஒரு செ.மீ., அச்சாகப் பொருந்தும். 1900-இல் உலகம் முழுக்க எரித்தது எவ்வளவோ, ஊரடங்கில் குறைந்தது அவ்வளவு. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தானே டிவைடரைப் பிடித்துப் பார்க்கட்டும்.

கடைசி வேலை, கட்டம் எண்ணுவது. ஒரு சதுர செ.மீ. என்பது பத்து வருடம் பெருக்கல் 200 கோடி, அதாவது 2,000 கோடி டன். கோட்டுக்குக் கீழே மொத்தம் 90 கட்டம் போல வரும். 1990-இல் ஒரு நேர்கோடு போட்டு வலப்பக்கத்தைத் தனியாக எண்ணினால் ஏறத்தாழ 50. அரைக் கட்டத்துக்கு மேல் இருந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடலாம். பிறகு அப்பா அம்மா பிறந்த வருடம், தாத்தா பிறந்த வருடம் என்று கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள்.

பேனா வேண்டாம். இவை புகைபோக்கியில் கருவி வைத்து அளந்த எண்கள் அல்ல. எவ்வளவு தோண்டினார்கள், விற்றார்கள், எரித்தார்கள் என்ற எரிபொருள் கணக்கிலிருந்து வருபவை. கணக்கு திருந்தினால் கோடும் திருந்தும். 2015-இல் சீனா தன் பழைய நிலக்கரிக் கணக்கை உயர்த்தித் திருத்தியது. குளோபல் கார்பன் புராஜெக்ட் குழு ஒவ்வோர் ஆண்டுக் கடைசியிலும் புதுக் கணக்கு வெளியிடும். அப்போது தாளை எடுத்து அடுத்த மி.மீ.-இல் ஒரு புள்ளி வையுங்கள். வலப்பக்கம் எட்டு செ.மீ.க்கு மேல் வெற்றிடம் இருக்கும். அதை வெட்டிவிடாதீர்கள்.