சுகர் இருக்கறவங்களுக்கு தடுப்பூசி போட எந்த நீள நீடில் எடுக்கணும்?

டியூட்டிக்கு புதுசா வர்ற பிள்ளைங்க நிறைய பேர் கேக்கறது இதுதான், "அக்கா, சுகர் பேஷண்ட்டாச்சே, சின்ன நீடிலா எடுக்கட்டுமா?" வேண்டாம்மா. சுகர் இருக்குங்கறதுக்காக நீளம் மாறாது, எடையும் கையோட பருமனும்தான் கணக்கு. இன்சுலின் நீடில் 4 மிமீ, 6 மிமீன்னு பாத்து பழகின கண்ணுக்கு 25 மிமீ பெருசாத்தான் தெரியும், ஆனா இன்சுலின் தோலுக்கடியில கொழுப்புல நிக்கணும், ஹெபடைட்டிஸ் பி, ஃப்ளூ, டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசியெல்லாம் தசைக்குள்ள போகணும். கொழுப்புலயே நின்னுட்டா தடுப்பு சரியா வராது, அந்த இடம் வீங்கி வலிக்கவும் செய்யும்.

முதல்ல எடை பாருங்க, கேட்டு எழுதாதீங்க, மெஷின்ல நிக்க வைங்க. அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையம் சிடிசி சொல்ற கணக்கைத்தான் நான் வச்சிருக்கேன்: 70 கிலோ வரைக்கும் 1 இஞ்ச், அதாவது 25 மிமீ. 60க்கும் கீழ ரொம்ப ஒல்லின்னா 16 மிமீ கூட போதும், ஆனா தோலை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கணும். பெண்கள் 90, ஆண்கள் 118 கிலோ வரைக்கும் 1 இல்லன்னா ஒன்றரை, அதைத் தாண்டினா ஒன்றரை இஞ்ச்தான், 38 மிமீ. பெண்களுக்கு கையில கொழுப்பு கூடுதலா இருக்கும், அதான் இந்த வித்தியாசம்.

அடுத்து கவரைப் படிங்க. 23 × 1னு போட்டிருந்தா 23 கேஜ், 1 இஞ்ச். கேஜ்ங்கறது தடிமன் நம்பர், நம்பர் கூடினா நீடில் மெல்லிசு. நீடிலோட அடியில இருக்கற நீலக் கலர் தடிமனைத்தான் சொல்லும், நீளத்தை சொல்லாது, இங்கதான் நிறைய பேர் ஏமாந்துடறாங்க. 22லேர்ந்து 25 கேஜுக்குள்ள எது இருந்தாலும் சரி.

இப்ப கை. போன மாசம் ஒரு அம்மா, 94 கிலோ, ஜாக்கெட் கை ரொம்ப டைட், மேல ஏத்தினா சதை பிதுங்கிக்கிட்டு நிக்குது, அப்படியே போட்டிருந்தா ரொம்ப கீழ போயிருக்கும். ஸ்கிரீனை இழுத்துவிட்டு "ஒரு கையை மட்டும் கழட்டிக்கோங்கம்மா"ன்னு சொன்னேன், அவ்ளோதான். தோள் எலும்பு முனையைத் தொட்டுப் பாத்து 2, 3 விரல் கீழ, அக்குள் மடிப்பு மட்டத்துக்கு மேல, அந்த இடம். மேல போனா தோள் மூட்டுல பட்டு மாசக்கணக்குல கை தூக்க முடியாம போகலாம், அதனால தயவுசெஞ்சு விரல் வச்சு அளங்க.

இன்சுலினுக்கு தோலைக் கிள்ளுற பழக்கம் இங்க வேண்டாம், கிள்ளினா கொழுப்பு இன்னும் உயரும். ரெண்டு விரலால தோலை விரிச்சுப் பிடிச்சு, நேரா 90 டிகிரியில முழு நீடிலும் உள்ள போகட்டும், பிஸ்டனை இழுத்து ரத்தம் வருதான்னு பாக்கத் தேவையில்ல. சுகரோட ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் சாப்பிடறாங்களான்னு முன்னாடியே கேட்டு வைங்க, சாப்பிட்டா 23 கேஜ் இல்ல அதவிட மெல்லிசு, போட்டப்புறம் 2 நிமிஷம் பஞ்சை அழுத்திப் பிடிக்கணும், தேய்க்கக் கூடாது.

அனுப்பறப்ப ஒண்ணு சொல்லிவிடுங்க, ரெண்டு நாளைக்கு சுகர் கொஞ்சம் ஏறலாம், வீட்ல மெஷின் இருந்தா வழக்கத்தை விட ஒரு தடவை கூட பாத்துக்கோங்கன்னு.