தனியா கடை நடத்துறவங்க தொய்வுல மாட்டிக்கிட்டா எப்படி எந்திரிக்கிறது

செங்கோட்டையில தையல் கடை வச்சிருக்கேன், வெட்டுறது தைக்கிறது ஹூக் கட்டுறது கஸ்டமர்ட்ட பேசுறது எல்லாமே நான் ஒருத்தி தான். போன வருஷம் ரெண்டு மாசம் கடையத் திறந்து வச்சிட்டு மெஷின்ல கைய வைக்காம உக்காந்திருந்தேன், போன் அடிச்சா நெஞ்சு படபடன்னு வரும், எடுக்க மாட்டேன். அதுலருந்து எப்படி வெளிய வந்தேன்னு சொல்றேன், அப்பளம் போடுறவங்க மொபைல் சர்வீஸ் பாக்குறவங்கன்னு தனியா தொழில் பண்ற யாருக்கும் இது உதவும்.

முதல்ல ஆர்டர் நோட்ட எடுங்க. வியாபாரம் படுத்துருக்கா இல்ல நாம படுத்துருக்கமான்னு அதுல தான் தெரியும், ரெண்டுக்கும் மருந்து வேற வேற. போன ரெண்டு வருஷத்துக்கு மாசம் மாசமா எத்தனை ஆர்டர் வந்துச்சு எத்தனை கொடுத்தோம்னு எண்ணி எழுதுங்க. எங்க ஊரு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோட இருந்த ஊரு, இப்பவும் பாதி கஸ்டமர் மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவுல ஆரியங்காவு, தென்மலை பக்கம் தான், அதனால நான் தமிழ், மலையாளம்னு ரெண்டு காலண்டரும் பாத்தாகணும். ஆடில நமக்கு முகூர்த்தம் கெடையாது, அதே மாசம் அவங்களுக்கு கர்க்கடகம், அங்கயும் கல்யாணம் இருக்காது. அப்புறம் அவங்க சிங்கம் மாசம், அதாவது நம்ம ஆவணி, பொறந்தா ஓணம்னு துணி வந்து குவியும். ஆடில ஈ ஓட்டுறோம்னா அது நம்ம தப்பு இல்ல, அந்த மாசத்துக்கு முன்கூட்டியே காசு ஒதுக்கணும், அவ்ளோ தான். 2010ல செங்கோட்டையிலருந்து கேரளா போற புனலூர் லைன்ல மீட்டர்கேஜ் ரயில நிறுத்துனாங்க, திரும்ப அகலப்பாதையில முழுசா ஓட 2018 ஆயிட்டு, அந்த எட்டு வருஷம் அம்மா கடைக்கு மலைக்கு அந்தப்பக்கத்து ஆளுங்க வரவே இல்ல, அம்மா தன் கை ராசி போச்சுன்னு நெனச்சு அழுதாங்க. நோட்ட பாத்திருந்தா புரிஞ்சிருக்கும், நின்னது ரயில் தான்னு.

என் நோட்டுல வேற மாதிரி இருந்துச்சு. அந்த ரெண்டு மாசத்துல 17 ஆர்டர் வாங்கிருக்கேன், 4 தான் கொடுத்துருக்கேன். ஆர்டர் இருந்துச்சு, நான் தான் நின்னுட்டேன்.

இப்படி இருந்தா புது ஆர்டர் தேடாதீங்க, ஆஃபர்னு ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. பாக்கி கெடக்குற பையக் கொட்டுங்க. என்னைய கேட்டா மனசு சோர்ந்து போறதுக்கு பெரிய காரணமே இந்தப் பை தான், ஒவ்வொரு துணியும் ஒரு ஆளு நம்மள பாத்துக்கிட்டே இருக்க மாதிரி. நான் தரையில பாய விரிச்சு மூணா பிரிச்சேன், ஹூக்கும் எம்மிங்கும் மட்டும் பாக்கி இருக்கது ஒண்ணு, வெட்டிட்டு தைக்காதது ஒண்ணு, கத்திரியே படாதது ஒண்ணு. முதல் நாள் ஹூக் வேலை மட்டும். மூணு பிளவுஸ் முடிஞ்சு மடிச்சு கவர்ல போட்டு வச்சப்போ தான் கையில உயிர் வந்துச்சு.

அடுத்து போன். எல்லாத்துலயும் கஷ்டமானது இது தான், ஆனா இத விட்டுட்டு மத்தது எதுவும் வேலைக்கு ஆகாது. ரொம்ப லேட்டானதுலருந்து ஆரம்பிங்க. எங்கிட்ட ஆரியங்காவு சேச்சி ஒருத்தங்களோட நீலப் பட்டு பிளவுஸ் இருந்துச்சு, லைனிங் வெட்டி வச்சது, சாக் கோடு கூட மங்கிப்போச்சு. காரணம் ஏதும் அடுக்காம சொன்னேன், "சேச்சி, தப்பு என்மேல தான், தைக்காம வச்சிட்டேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்டிப்பா தந்துருவேன்". கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் "ஒரு வாக்கு முன்னாடியே பறஞ்சிருந்தா மதி மோளே"ன்னாங்க, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருந்தா போதுமேன்னு. வியாழக்கிழமையே முடிச்சுட்டேன். நாள் சொல்லும்போது உங்களால முடியும்னு தோணுறதுக்கு மேல ரெண்டு நாள் சேத்து சொல்லுங்க. முடியவே முடியாதுன்னா துணியவும் அட்வான்ஸயும் திருப்பிக் கொடுத்துருங்க, நான் ரெண்டு பேருக்கு கொடுத்தேன், அதுல ஒருத்தங்க அப்புறமும் வந்தாங்க.

அட்வான்ஸ்னு சொன்னதும் இன்னொண்ணு. அது நம்ம காசு இல்ல, துணி கைமாறுற வரைக்கும் கஸ்டமர் காசு. அத வீட்டுச் செலவுக்கு எடுத்துட்டோம்னா அந்தத் துணியத் தைக்கும்போது கையில காசு வராது, காசு வராத வேலைய மனசு தள்ளிப்போட்டுக்கிட்டே போகும், எனக்கு ஆனது அது தான். இப்ப தனி டப்பா, ஜிபேல வந்தா அன்னைக்கே வேற அக்கவுண்டுக்கு.

ஒரு நாளைக்கு எவ்ளோ தச்சா போதும்ங்கறதையும் போட்டு வச்சுக்கங்க, இல்லன்னா எவ்ளோ செஞ்சாலும் பத்தாதுன்னே தோணும். என் கணக்கு, வாடகை 2500, கரண்ட் 500, வீட்டுக்கு 9000, ஆக 12000. மாசம் 25 நாள் வேலைன்னா நாளைக்கு 480. லைனிங் பிளவுஸ்ல துணி நூல் போக 250 நிக்கும், அப்போ நாளைக்கு ரெண்டு. மூணாவது தச்சா அது ஆடிக்கு.

காலையில உக்காரவே மாட்டேங்குதுன்னா ராத்திரியே வழி பண்ணணும். நான் கடைய சாத்தும்போது தையல நடுவுல தான் நிறுத்துவேன், கை பாதி ஏத்துனது, ஊசி துணியில இறங்குனபடி, பாபின்ல நூல் நிறையச் சுத்தி. காலையில வந்தா யோசிக்கவே வேண்டாம், மிதிச்சா ஓடும். போன மட்டும் அலமாரிக்குள்ள வச்சிருங்க முதல் ஒரு மணி நேரம்.

இவ்ளோ பண்ணியும் ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்ல, சாப்பாடு பிடிக்கல, எதுலயும் ஒட்டலன்னா அத சோம்பேறித்தனம்னு நெனச்சு உங்களையே திட்டாதீங்க, உடம்பாவும் இருக்கலாம். எனக்கு ரத்தம் குறைவா இருந்துச்சு, டாக்டர் டெஸ்ட் எழுதுன பிறகு தான் தெரிஞ்சுது. தைராய்டும் சேத்து பாக்கச் சொல்லுங்க. மனசு பாரமா இருந்தா 14416, அரசாங்கத்தோட டெலி மனாஸ், காசு கெடையாது, எந்த நேரமும் கூப்டலாம், தமிழ்ல பேசுவாங்க.

பை காலியான பிறகு தான் புது ஆர்டர். எல்லாருக்கும் ஒரே மெசேஜ தட்டி விடாம நோட்டுலருந்து பத்து பேர எடுத்து பேரு சொல்லி, போன தடவை என்ன தச்சாங்கன்னு சொல்லி அனுப்புங்க. "சேச்சி, போன ஓணத்துக்கு செட்முண்டுக்கு கசவு (ஜரிகை) பார்டர் வச்சு பிளவுஸ் தச்சோம்ல, அளவு எங்கிட்ட இருக்கு, துணி மட்டும் கொடுத்து விடுங்க". நான் ஓணத்துக்கு நாப்பது நாள் முன்னாடி இத அனுப்புவேன், திருவோணத்துக்கு பத்து நாள் இருக்கும்போது ஆர்டர் வாங்குறத நிறுத்திருவேன், யாரு கெஞ்சுனாலும்.