அங்கன்வாடியைக் குளிரவைக்க ஊரில் பணம் திரட்டுவது எப்படி: நாங்கள் செய்த வழி

எங்கள் ஊர் அங்கன்வாடி சிவகங்கை மாவட்டத்தில், வெயில் நேராக இறங்கும் ஒற்றை அறைக் கட்டடம். பங்குனி பிறந்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாய் விரித்துப் படுக்கவைத்த பிள்ளைகள் அரைமணி நேரத்தில் வியர்த்து நனைந்து அழுதுகொண்டே எழுந்துவிடுவார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. கூரைச் சூட்டைக் குறைப்பது, மழைநீரைச் சேமிப்பது, மின்சாரம் குறைவாக இழுக்கும் விசிறி மாட்டுவது என்று ஊரே சேர்ந்து வேலையை முடித்தோம். பக்கத்து ஊர்க்காரர்கள் "பணம் எப்படிப் புரட்டினீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

1. அனுமதி

கட்டடம் ஊராட்சியுடையது, நடத்துவது குழந்தை வளர்ச்சித் திட்டம். அதனால் இரண்டு தரப்பிடமும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். அங்கன்வாடி டீச்சரையும் உடன் அழைத்துப் போங்கள்.

2. பட்டியல் (இங்கேதான் மூன்று மாதம் போனது)

தமிழ்நாடு அரசின் 'நமக்கு நாமே' திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலையின் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். நாங்கள் இதை நம்பித்தான் இறங்கினோம். நான் மனுவில் குளிர்கூரைப் பெயிண்ட் (வெயிலைத் திருப்பி அனுப்பிக் கூரைச் சூட்டைக் குறைக்கும் பூச்சு), சிக்கன மின்விசிறி, மூலிகைத் தோட்டம், மழைநீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் ஒன்றாக எழுதிக் கொடுத்தேன். மனு திரும்பி வந்தது. மதிப்பீடு போடும் பொறியாளர் அரசு விலைப்பட்டியலில் இருக்கும் வேலைகளை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். நான் எழுதியதில் பாதி அதில் இல்லை.

பிறகு அவரோடு உட்கார்ந்து பட்டியலை இரண்டாகப் பிரித்தோம். உங்களுக்கும் இதையே சொல்வேன்.

முதல் பட்டியலில் கொத்தனாருக்கும் பொறியாளருக்கும் பழகிய வேலைகள் மட்டும். தளத்தின் மேல் சுருக்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை) போட்டுத் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிப்பது, விரிசல் பூசுவது, மழைநீர்க் குழாயும் தொட்டியும். 'குளிர்கூரை' என்ற சொல்லே தேவையில்லை. சுருக்கியும் தட்டோடும் நம் ஊர்களில் காலங்காலமாகச் சூட்டைத் தடுப்பவைதான்.

இரண்டாவது பட்டியலில் ஊரே நேரடியாக வாங்கிக் கொடுக்கும் பொருட்கள். தட்டோட்டின் மேல் பூச வெள்ளைப் பெயிண்ட், பிஎல்டிசி எனப்படும் சிக்கன மின்விசிறிகள், வேம்பும் புங்கனும், கை கழுவும் தண்ணீர் பாயும் இடத்தில் முருங்கையும் வாழையும். விசிறிக்கு மட்டும் கொஞ்சம் அடம்பிடியுங்கள். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி 30 வாட்டைச் சுற்றித்தான். விலை கூடுதல் என்று பலர் சொன்னார்கள். நாள் முழுக்க ஓடும் இடத்தில் அந்தக் காசு மின்கட்டணத்தில் திரும்பிவிடும்.

உள்சுவருக்குப் பெயிண்ட் வாங்கும்போது டப்பாவில் ஈயத்தின் அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்று 2017 நவம்பரிலிருந்து விதி இருக்கிறது. சுவரை நக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடம், மலிவு பார்க்காதீர்கள்.

3. மதிப்பீட்டுத் தாள் வந்த பிறகே பணம் கேளுங்கள்

எங்கள் மதிப்பீடு 3 லட்சம். ஊர் கொடுக்க வேண்டியது 1 லட்சம். இந்தக் கணக்கைத்தான் முதலில் வீடுவீடாகச் சொன்னோம்: "நீங்கள் ஆயிரம் கொடுத்தால் மூவாயிரத்துக்கு வேலை நடக்கும்." சுற்றுச்சூழல், பருவநிலை என்று ஆரம்பித்த வீடுகளில் தலையாட்டி அனுப்பினார்கள். மழைக்கணக்கு சொன்ன வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் பெய்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 36,000 லிட்டர் கிடைக்கும். தண்ணீர் சுமந்த பெண்களுக்கு அந்த எண்ணை விளக்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது பட்டியலைப் பொருளாகவே கேளுங்கள். "ஒரு விசிறி உங்கள் தாத்தா பெயரில்" என்றால் மறுப்பவர் குறைவு. பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருபவர்களைப் பிடிக்கத் தவறாதீர்கள். எங்களுக்குப் பாதிக்கு மேல் அந்த நான்கு நாளில் வந்தது.

4. பணம் எங்கே சேர்வது

இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்கு நல்லது. ஆனால் அப்படிப்பட்ட கணக்கில் யுபிஐ கிடைக்கவில்லை. எல்லோரும் ஜிபே எண் கேட்கிறார்கள். கடைசியில் ஒருவருடைய எண்ணில் வாங்கி, அன்று மாலையே கூட்டுக் கணக்குக்கு மாற்றி, இரண்டின் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கணக்கு எழுத நான் கூகுள் ஷீட்டைவிட மொய் நோட்டையே சொல்வேன். பெயர், ஊர், தொகை என்று எழுதி டீக்கடையில் வைத்துவிட்டோம். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டே இரண்டாவது முறை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அரசுக்குக் கட்டும் பங்கை எந்தப் பெயரில் செலுத்துவது என்று எழுத்தில் கேட்டு வாங்கி, ரசீதின் நகலை அதே நோட்டில் ஒட்டுங்கள்.

பின்சேர்க்கை 1: சிங்கப்பூரில் இருக்கும் அக்கா பணம் அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அக்கா இன்னும் இந்தியக் குடிமகள் என்றால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதற்கான பதிவோ முன்அனுமதியோ இல்லாத ஊர்க்குழு அந்தப் பணத்தை வாங்கக்கூடாது. எங்களுக்கு வரவிருந்த ஒரு பெரிய தொகையை இதனால்தான் வேண்டாம் என்றோம்.

பின்சேர்க்கை 2: அறக்கட்டளை நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு இந்த வழி பொருந்தாது. உங்களுக்கு 80ஜி பதிவு இருந்தால் நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை உண்டு (பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு). 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அந்தச் சலுகை கிடைக்காது, காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ கேளுங்கள். நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியை நேரடியாகப் பெற சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு வேண்டும். அதை முடித்துவிட்டு நிறுவனத்தின் கதவைத் தட்டுங்கள்.