முதுகலை இறுதியாண்டில் சேவை ஆண்டு: வடசென்னைக்கு வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகலை இறுதியாண்டைப் படித்துக்கொண்டே ஒரு தொண்டு நிறுவனத்தில் ஓராண்டு சேவை செய்ய முன்வரும் மாணவர்கள் ஆண்டுதோறும் ஜூலை வாக்கில் வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் காசிமேட்டுக்கும் வந்து சேர்கிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். இப்போது அவர்களுடைய களப்பணியை மேற்பார்வையிடுகிறேன். எங்கள் காலத்தில் நாங்கள் இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறுவதைப் பார்ப்பதால் இதை எழுத நேர்ந்தது. நேரத்துக்கு வர வேண்டும், அறிக்கையை நாள் தவறாமல் தர வேண்டும் என்பவற்றை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பருவமழையை மறந்து அட்டவணை போடுவது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. பருவத் தேர்வுகளும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் வியாசர்பாடிக்குச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மாநகராட்சிப் பள்ளி நிவாரண முகாமாக மாறினால் அங்கே நடந்துவந்த மாலை வகுப்பு நின்றுபோகும். போர்வையும் பால் பவுடரும் விநியோகிக்க ஆள் வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும்போது, மறுநாள் தேர்வு என்று சொல்வதற்கு உங்களுக்கே கூச்சமாக இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் பரவியதை நினைவில் கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பரில் ஆய்வேட்டு வேலை ஓர் அங்குலமும் நகராது என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். தேர்வு விடுப்பை, வேலையில் சேரும் நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பதிவேட்டை ஆய்வேட்டுக்குத் தரவாக்குவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். வீடு வீடாகப் போவது எப்படியும் என் வேலை, அப்படிப் போகும்போதே ஆய்வேட்டுக்கான கேள்விகளையும் கேட்டுவிட்டால் இரண்டும் முடிந்துவிடுமே என்ற எண்ணம் யாருக்கும் எளிதாகத் தோன்றும். முதல் பார்வையில் அது கெட்டிக்காரத்தனமாகவும் தெரியும்.

கொருக்குப்பேட்டையில் எங்களோடு பணியாற்றிய ஒரு மாணவி, பள்ளியிலிருந்து இடைநிற்கும் குழந்தைகளைப் பற்றி ஆய்வேடு எழுதினார். மாலை வகுப்பின் சேர்க்கைப் படிவங்கள், வருகைப் பதிவேடு, தம்முடைய வீட்டுச் சந்திப்புக் குறிப்புகள் ஆகிய மூன்றையும் சேர்த்து அழகான அட்டவணைகளாக்கி வைத்திருந்தார். பிப்ரவரியில் துறையிலிருந்து, மனிதர்களிடம் தரவு திரட்டும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கேட்டபோது அவரிடம் அது இல்லை. தரவைத் திரட்டி முடித்த பிறகு முன்தேதியிட்டு அனுமதி தருவது அத்தகைய குழுக்களின் வழக்கமும் இல்லை. நிறுவனமும் கைவிரித்தது. பெற்றோர் கையெழுத்திட்டது பிள்ளையை வகுப்பில் சேர்ப்பதற்கே தவிர ஆய்வுக்கு அல்ல என்று நிர்வாகம் சொன்னதில் தவறேதும் இல்லை. அவருக்கு ஒரு பருவம் முழுவதும் வீணாயிற்று. பேசி வைத்திருந்த வேலையும் போயிற்று. 'களத்திலேயே இருக்கிறாய், உனக்குத் தரவுக்கு என்ன குறை' என்று தொடக்கத்தில் உற்சாகப்படுத்திய நெறியாளர், சிக்கல் வந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. என் கோபத்தில் பாதி அவர் மீதுதான்.

அனுமதியை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்தத் தரவு தேறாது. வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் அந்த மாணவியிடம் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "இத்த எய்தினு போனா பீசு கட்டுவாங்களா மிஸ்?" அவர் பதில் சொன்னது ஆய்வாளருக்கு அன்று, உதவி வாங்கித் தரக்கூடிய 'மிஸ்'ஸுக்கு. அப்படிப்பட்ட பதிலில் வருமானம் குறையும், கடன் கூடும், பிள்ளை தினமும் பள்ளிக்குப் போவான். பதிவேட்டின் கதையோ இன்னும் வேடிக்கையானது. எங்கள் மாலை வகுப்பில் வருகையைக் குறிப்பதே சுண்டல் கணக்குக்காகத்தான். அக்காவின் இடுப்பில் உட்கார்ந்து வரும் இரண்டு வயதுத் தம்பிக்கும் ஒரு கிண்ணம் போவதால், அவனுக்கும் பென்சிலால் ஒரு 'வ' விழும். ஒரு கிண்ணமும் கணக்கில் தவறக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட அந்த ஏட்டை வைத்துக்கொண்டு, கற்றலில் ஈடுபாடு இவ்வளவு சதவீதம் என்று எழுதுவது எங்கே போய் முடியும்?

எனவே, சேருவதற்கு முன்பே நீங்களும் நெறியாளரும் நிறுவனமும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வேண்டும். எந்தப் பதிவைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது, ஆய்வேட்டில் நிறுவனத்தின் பெயர் வருமா வராதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தை ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம் பேசுவதென்றால் பெற்றோரின் ஒப்புதலோடு அந்தப் பிள்ளையின் சம்மதத்தையும் தனியாகக் கேட்க வேண்டும். முடிந்தால் நீங்கள் பணியாற்றாத தெருவை ஆய்வுக்குத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால், கேள்விகளை உங்கள் வகுப்புத் தோழர் ஒருவரைக் கேட்கச் செய்து, பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மாலை வகுப்பில் எந்த மாற்றமும் இருக்காது என்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். குறிப்பேடும் வேறு, போகும் நாளும் வேறு என்று வைத்துக்கொள்வது அலைச்சல்தான். அந்த அலைச்சல் இல்லாமல் ஆய்வு இல்லை.

'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று குழந்தைக்கு வாக்களிப்பது

ஒப்புதல் படிவத்தில் 'தகவல்கள் முழு இரகசியமாக வைக்கப்படும்' என்று அச்சடித்துக்கொண்டு வருகிறார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டமான போக்சோவின் 19ஆம் பிரிவின்படி, அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதும் தண்டனைக்குரியது. ஆய்வு மாணவருக்கென்று அதில் விலக்கு ஏதும் கிடையாது. எனவே காக்க முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். எதை மறைத்து வைக்க முடியும், எதை முடியாது என்பதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே அந்தப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள். நிறுவனத்தில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார் என்பதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

காசிமேட்டில் மே மாதம் வருமானம் கேட்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது கிடைக்கும் விடையை ஆண்டு வருமானமாக எழுதாதீர்கள்.

குழந்தைகளின் முகத்தைப் படமெடுத்துப் பகிர்வது

கூடாது.

அனுபவச் சான்றிதழைக் கடைசியில் கேட்பது

பல திட்டங்களின் நிதி மார்ச் 31 உடன் முடிந்துவிடும். உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒருங்கிணைப்பாளர் ஏப்ரலில் வேறு நிறுவனத்தில் இருப்பார். பிப்ரவரியிலேயே, செய்த வேலைகளை வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.