பழைய ஜப்பானிய வெள்ளி: முத்திரை படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், புதிதாகச் சேகரிக்க ஆரம்பித்த ஒரு தம்பி, சாக்கே என்ற அரிசி மதுவுக்கான கிண்ணம் ஒன்றின் அடிப்பாகத்தைப் படமெடுத்து அனுப்பி, "அண்ணே, ஜுன்கின்னு போட்டிருக்கு, இவர் பெரிய கைவினைஞரா?" என்று கேட்டார். நானும் ஒரு காலத்தில் அதே இரண்டு எழுத்துகளை ஆள் பெயர் என்று நினைத்து நோட்டில் குறித்து வைத்தவன். ஜுன்கின் என்றால் சுத்த வெள்ளி, அவ்வளவுதான். இதுபோல முதல் வாரத்திலேயே சரியாகிவிடும் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன். பணத்தைக் கரைக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இங்கிலாந்து முத்திரைகளைப் போலத் தேடுவது

இங்கிலாந்து வெள்ளியில் பழகியவர்கள் ஊர், வருடம், தரம், செய்தவர் என்று வரிசையாக முத்திரைகள் இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஜப்பானில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. அரசு நாணயச்சாலை தரமுத்திரை போட ஆரம்பித்ததே 1929-இல்தான், அதுவும் விருப்பப்பட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்கு மட்டும். சின்ன ஜப்பான் கொடி, பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் 950, 1000 என்பதுபோல, ஆயிரத்தில் எத்தனை பங்கு வெள்ளி என்று சொல்லும் ஓர் எண். இதை வைத்துக்கொண்டு மெய்ஜி காலத்துச் சாமான், அதாவது 1868-இலிருந்து 1912-க்குள் செய்தது என்று யாராவது விற்றால் அங்கேயே நின்று கேள்வி கேளுங்கள். அதேபோல, முத்திரை இல்லை என்பதற்காக நல்ல மெய்ஜி வெள்ளியைத் தள்ளிவிடவும் வேண்டாம்.

கடைக்காரரைக் கைவினைஞர் என்று நினைப்பது

1876-இல் வாள் அணியத் தடை வந்ததும், வாளுக்குப் பிடியும் உறையலங்காரமும் செய்துகொண்டிருந்த உலோகக் கலைஞர்கள் பலர் பிழைப்புக்காகப் பூச்சாடி, தேநீர்ச் செட் பக்கம் வந்தார்கள். அவர்கள் கைவேலையை வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்றவை யோகோஹாமாவின் ஆர்தர் அண்ட் பாண்ட், சாமுராய் ஷோகாய் மாதிரியான கடைகள். பல சாமான்களில் அடியில் இருப்பது கடையின் பெயர்தான், தட்டிச் செதுக்கியவர் பெயர் இல்லை. ஹத்தோரி என்று பார்த்தால் அது டோக்கியோ கின்சாவிலிருந்த கடிகாரக் கடை, இன்றைய செய்கோவின் தொடக்கம். இப்படிப்பட்ட பொருளுக்குக் கடைப் பெயராலும் மதிப்பு உண்டு, ஆனால் "ஹத்தோரி என்ற கலைஞர் செய்தது" என்று எழுதி வைக்காதீர்கள்.

பெட்டியில் இருக்கும் பெயரை நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

ஜப்பானில் நல்ல பொருளுக்குக் கிரி மரத்தில் ஒரு பெட்டி செய்து, மூடியின் மேல் பொருளின் பெயரையும் உள்பக்கம் செய்தவர் பெயரையும் மையால் எழுதி, பக்கத்தில் சிவப்பு முத்திரை வைப்பார்கள். பொருளோடு கூடப் பிறந்த பெட்டி தோமோபாகோ. எங்கிருந்தோ எடுத்துப் பொருத்தியது அவாசேபாகோ. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் கியோட்டோவில் மாதாமாதம் 21-ஆம் தேதி தோஜி கோவிலில் கூடும் சந்தையில் ஒரு வெள்ளிக் கெண்டி வாங்கினேன். கெண்டியின் அடியில் ஜுன்கின் மட்டும்தான். ஆனால் பெட்டி மூடிக்குள் அழகான கையெழுத்தில் ஒரு பெரிய பெயர். விற்றவர் அந்தப் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார், நானும் அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை, வெள்ளியின் எடைக்கு என்ன வருமோ அதைப்போல மூன்று மடங்கு கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக ரயில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பெட்டியின் அடிப்பலகையைப் பார்த்தேன். பல வருடம் ஒரு பாத்திரம் உட்கார்ந்த இடத்தில் மரம் வட்டமாக வெளிறிப் போயிருந்தது. அளந்தால் 14 செ.மீ. என் கெண்டியின் அடி 11 செ.மீ. கெண்டியை அந்த வட்டத்துக்குள் வைத்தால் சுற்றிலும் ஒரு விரல் அகலம் மிச்சம். அந்தப் பெட்டிக்குள் வேறு ஏதோ ஒரு கெண்டி பல வருடம் வாழ்ந்திருக்கிறது. நான் வாங்கியது பெயர் தெரியாத ஒருவரின் வேலை. நல்ல வேலைதான், ஆனால் நான் கொடுத்தது பெட்டிக்குரிய விலை.

அதனால் இப்போது நான் பெட்டியைப் படிப்பதற்கு முன்பே பாத்திரத்தைத் தலைகீழாகத் திருப்புகிறேன். அடிப்பாகம், கைப்பிடி பொருந்தும் இடம், மூடியின் உள்பக்கம், இந்த மூன்றிலும் லென்ஸ் வைத்துப் பெயர் இருக்கிறதா என்று தேடுகிறேன். இருந்தால் பெட்டியில் இருக்கும் பெயரும் அதுதானா என்று பார்க்கிறேன். அப்புறம் உள்ளே ஆடாமல் உட்காருகிறதா, அடிப்பலகைத் தடம் பொருந்துகிறதா, மூடியில் எழுதியிருப்பது கெண்டியா பூச்சாடியா என்று வரிசையாகப் போகிறேன். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

எல்லாம் பொருந்தினாலும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. தேநீர்ச் சடங்குக்கு உலோகச் சாமான் செய்யும் கியோட்டோ குடும்பங்களில் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை இறங்கும். நககாவா ஜோஎகி என்ற பெயரைத் தாங்கியவர்கள் ஒருவர் இருவர் அல்ல. பெயரைப் படித்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது, அது எத்தனையாவது ஜோஎகி என்பதில்தான் விலை நிற்கிறது. எழுத்தின் வளைவையும் பெட்டி முத்திரையின் வடிவத்தையும் உறுதியான பழைய பொருள்களோடு ஒப்பிடாமல், "முதல் தலைமுறை" என்று சொல்பவரிடம் பணத்தை நீட்டாதீர்கள்.

கின் என்ற எழுத்தைப் பார்த்ததும் வெள்ளி என்பது

ஜுன்கின்னில் வெள்ளியைக் குறிக்கும் அதே கின் எழுத்துதான் யோகின் என்பதிலும் வரும். அது நிக்கல் கலந்த உலோகம், வெள்ளி ஒரு துளிகூட இல்லை.

சுஸு

இது தகரம், அதாவது வெள்ளீயம். இந்த எழுத்திலும் இடது பாதி வெள்ளியின் எழுத்தில் இருப்பதேதான், அதனால் வலது பாதியைப் பாருங்கள்.

இடமிருந்து வலமாக மட்டும் படிப்பது

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சாமான்களில் கிடையாக எழுதியிருந்தால் பெரும்பாலும் வலமிருந்து இடம். அகராதியில் பெயர் கிடைக்கவில்லை என்றால் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

முத்திரை தெளிவாகத் தெரியட்டும் என்று பாலிஷ் போடுவது

போடாதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும்.