வி.ஆர். விளையாட்டில் அறைப் பாணிகளைக் கற்றுக்கொடுப்பது எப்படி?

இன்டீரியர் டிசைன் வகுப்பில் பல வருடம் படங்களைக் காட்டித்தான் பாணிகளை நடத்தினேன். மாணவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்தார்கள். ஓர் அறைக்குள் விட்டால் தடுமாறினார்கள். இப்போது வி.ஆர். விளையாட்டாக, அதாவது ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு கணினி உருவாக்கிய அறைக்குள் நுழையும் விளையாட்டாக, நடத்துகிறேன். அறையை உடம்பால் உணர்ந்தால்தான் பாணி புரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஜப்பானியத் தத்தாமி அறை, அதாவது தரை முழுக்கக் கோரைப் பாய் விரித்த அறை. ஹெட்செட்டில் உயரத்தைத் தரையிலிருந்து கணக்கிடும்படி வையுங்கள். உட்கார்ந்து ஆடும் முறையில் இருந்தால், தரையில் உட்காரும்போது கண்மட்டம் சரியான உயரத்துக்கு வராமல் போகலாம், பாடமே போய்விடும். ஒரு மாணவி நின்றபடி சுற்றிப் பார்த்துவிட்டு, "அறை காலியா இருக்கே மேடம்" என்றாள். "கீழே உட்காரும்மா" என்றேன். சம்மணமிட்டாள். குட்டை மேசை கைக்கு எட்டியது, எதிர் மாடத்தில் தொங்கிய ஓவியச்சுருள் கண்ணுக்கு நேராக வந்தது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் பாய் விரிக்கும் புதிர். ஒரு தத்தாமி ஏறத்தாழ 90க்கு 180 செ.மீ. ஆறு பாய்களைக் கொடுத்து, நான்கு மூலைகள் ஒரே புள்ளியில் சேராமல் விரிக்கச் சொல்லுங்கள். மரபான விதிதான் இது.

இரண்டாவது, டி ஸ்டைல் என்ற டச்சுக் கலை இயக்கத்தின் பாணி. அது என்றால் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஒப்பிப்பார்கள். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் 1924இல் கட்டடக்கலைஞர் ரீட்வெல்ட் கட்டிய ஷ்ரோடர் வீட்டின் மாடியை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சுவர்கள் நகரும். ஐந்து நிமிடத்தில் பகல் கூடத்தை இரவுப் படுக்கையறைகளாக மாற்றச் சொன்னால், கன்ட்ரோலரால் தடுப்புகளை இழுக்கும்போதே விஷயம் பிடிபடும்.

மூன்றாவது, ஒட்டாத பொருளைக் கண்டுபிடிப்பது. மார்செல் பிராயரின் எஃகுக் குழாய் நாற்காலி உள்ள பௌஹவுஸ் (எளிமையையும் பயனையும் முன்வைத்த ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளி) அறையில், பொன்முலாம் பூசிய ஆர்ட் டெகோ (பகட்டான அலங்காரப் பாணி) சுவர்க் கண்ணாடி ஒன்றை மாட்டிவிடுங்கள். கண்டுபிடித்ததற்கு மதிப்பெண் கிடையாது, காரணத்துக்குத்தான். "நல்லா இல்லை" என்பது காரணமாகாது. பொருள், கோடு, பயன் மூன்றையும் பேச வேண்டும்.

ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். வழுக்கி நகர்வதைவிட இடம்விட்டு இடம் தாவும் முறையில் தலைசுற்றல் குறைவு. சுற்றினால் உடனே ஹெட்செட்டைக் கழற்றிவிடுங்கள். மற்றவர்கள் திரையில் பார்த்து வாதாடட்டும்.

கழற்றியதும் பென்சிலால் அந்த அறையை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். சாமான்களை மட்டும் வரைந்து, வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதை விட்டவர்களை அடுத்த முறை முதலில் உள்ளே அனுப்புவேன்.