பெரிய பைக்குக்கு மாறும்போது டீம்மேட்டைத் துரத்தாதீர்கள்

மண் ஓடுபாதையில் நடக்கிற மோட்டோகிராஸ் பந்தயத்தில் 125சிசி பைக்கில் நன்றாக ஓடி, கப்பும் வாங்கி, அடுத்த வருடம் 250க்கோ 450க்கோ ஏறுகிற தம்பிமார் எங்கள் இலங்கை மலைநாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதல் சீசனிலேயே கையையோ தோள்பட்டையையோ உடைத்துக்கொள்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஒரே கராஜில், ஒரே மாதிரிப் பைக்கோடு பக்கத்தில் நிற்கிறவனைவிட நான் மெதுவாகத் தெரிந்துவிடக் கூடாது என்கிற அவசரம்தான் இதற்குப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். அதனால் பைக் விஷயத்தில் செய்கிற தவறுகளையும் டீம்மேட் விஷயத்தில் செய்கிற தவறுகளையும் பிரிக்காமல் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஓட்டுகிற விதம். 125 டூ ஸ்ட்ரோக்கில் பவர் முழுக்க உச்ச சுழற்சியில்தான் இருக்கிறது, ஆகவே எஞ்சினை எப்போதும் கத்தவிட்டு, கிளட்சை விரலால் தட்டித் தட்டி, வளைவில் வேகம் விழாமல் அகலமாகச் சுற்றி வருவதுதான் அங்கே கெட்டித்தனம். 450 ஃபோர் ஸ்ட்ரோக்கில் இதே பழக்கத்தோடு இறங்கினால் சில சுற்றுகளிலேயே முன்கை இறுகி, விரல்கள் பிரேக்கை ஒழுங்காகப் பிடிக்க மறுக்கும். தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தய ஓடுபாதையில் வேலியோரம் நின்று சத்தத்தை மட்டும் கேட்டாலே புதிதாக ஏறியவன் யாரென்று தெரிந்துவிடும். பழகியவனின் எஞ்சின் வளைவிலிருந்து வெளியே வரும்போது அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு ஒரே சீராக ஏறும், புதியவனுடையது ஏறும், வெட்டும், மறுபடி ஏறும், நடுவில் ஒரு கியர் மாற்றம் வேறு. வழக்கமாகப் போடுகிற கியரைவிட ஒரு கியர் மேலே வைத்து ஓடிப் பாருங்கள். பிடியைக் கையிலிருந்து முழங்காலுக்கு மாற்றுங்கள். வளைவை அகலமாகச் சுற்றாமல், நேராக நின்று பிரேக் பிடித்து, சட்டென்று திருப்பி, பைக்கை நிமிர்த்திவிட்டு அப்புறம் எக்ஸலேட்டரைத் திறவுங்கள்.

நிமிர்த்திவிட்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பைக் சாய்ந்திருக்கும்போது அதிகமாகத் திறந்தால் பின்சக்கரம் வழுக்கி வெளிப்பக்கம் போகும். சின்ன பைக்கில் பவர் குறைவென்பதால் அது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். பெரிய பைக்கில் அது போய்க்கொண்டே இருக்கும், அந்த நேரத்தில் பயத்தில் கை டக்கென்று எக்ஸலேட்டரை மூடிவிடும், தவறு நடக்கிற இடம் அதுதான். மூடியதும் டயருக்குத் திடீரென்று பிடி கிடைக்கிறது, சாய்ந்திருந்த பைக் எழுந்து ஓட்டுகிறவரைத் தலைக்கு மேலே தூக்கி எறிகிறது. ஹைசைட் என்பது இதுதான். வழுக்கத் தொடங்கினால் கையை மூடாமல், திறந்ததில் கொஞ்சத்தை மட்டும் விட்டுக்கொடுக்கப் பழக வேண்டும், அதையும் மணிக்கட்டுக்குத் தெரியும்வரை மெதுவான வளைவில் திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டும்.

பிரேக் பிடிக்கிற அடையாளத்தையும் பழைய பைக்கிலிருந்து கொண்டுவராதீர்கள். நேர்ப்பாதை முடிவில் 100இல் வந்தவர் இப்போது 120இல் வருகிறார் என்றால் வேகம் 20 சதவீதம்தான் கூடியிருக்கிறது, ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி 44 சதவீதம் கூடிவிட்டது. பைக்கின் எடையும் கூடியிருப்பதால் உண்மையில் அதைவிட அதிகம். அதோடு பெரிய ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக்கும் பலமாகப் பிடிப்பதால், இறக்கத்தில் கியரைப் படபடவென்று குறைத்தால் பின்சக்கரம் குதிக்கும்.

டீம்மேட் அதே இடத்தில்தானே பிடிக்கிறான், எனக்கென்ன என்று கேட்பவர்களுக்கு 2013 அரகோன் போட்டியைச் சொல்வேன். ரெப்சால் ஹோண்டா அணியில் அந்த வருடம்தான் மோட்டோஜிபிக்கு, அதாவது பைக் உலக சம்பியன்ஷிப்பின் உச்ச வகுப்புக்கு, வந்த மார்க் மார்க்கெஸ், தன் டீம்மேட் டானி பெட்ரோசாவுக்குப் பின்னால் வந்து சற்று நேரம் தாழ்த்திப் பிரேக் பிடித்தார். இலேசான ஒரு தட்டுதான். அந்தத் தட்டில் பெட்ரோசாவின் பின்சக்கர வேகத்தை அளக்கிற சென்சர் வயர் அறுந்தது, சக்கரம் வழுக்காமல் பவரைத் தானாகக் குறைக்கிற டிராக்ஷன் கன்ட்ரோல் வேலை செய்யவில்லை, வளைவு முடிவில் அவர் எக்ஸலேட்டரைத் திறந்த மறுகணம் பைக் அவரைத் தூக்கி எறிந்தது. உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவருக்கே அந்த ஒரு வயர் இல்லாமல் 1000சிசி பைக் அப்படிச் செய்ததென்றால், நம் பையன்களின் மோட்டோகிராஸ் பைக்கில் அவர்களைக் காப்பாற்ற வலது மணிக்கட்டை விட்டால் பெரும்பாலும் வேறொன்றும் இல்லை. ஹோண்டாவுக்கு அந்தப் போட்டியின் தயாரிப்பாளர் புள்ளிகள் 25உம் போயின என்பதையும் டீம் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

மலைநாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு, இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிடக் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டர் பைக் என்றால் காற்று குறைந்து பெற்றோல் கூடி, பிளக் கறுத்து, எஞ்சின் சோம்பிப்போகும். அதனால் மெக்கானிக் பாஸ் காபரேட்டரில் பெற்றோல் போகிற துளையான ஜெட்டைச் சின்னதாகப் போட்டுக் கொடுப்பார், அது சரி. அதே ஜெட்டோடு லொறியில் ஏற்றிக் கீழே தாழ்நிலத்தில் உள்ள கட்டுக்குருந்தைக்கோ மின்னேரியாவுக்கோ பந்தயத்துக்குக் கொண்டுபோனால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, இங்கே பழகியபோது இல்லாத பவர் அங்கே கையில் வந்து நிற்கும். இரண்டாவது அதைவிட மோசம்: காற்று கூடி பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறி, டூ ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் பிடித்துப் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கீழே இறங்கினால் முதல் வேலை ஜெட்டை மாற்றுவது, இரண்டு மூன்று சுற்று ஓடிவிட்டுப் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது. வெள்ளையாக இருந்தால் ஓட வேண்டாம். அந்த நேரத்தில் டீம்மேட் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருப்பான், இருக்கட்டும்.

அவனுடைய செட்டிங்கை அப்படியே போடுவதும் கூடாது. மோட்டோகிராஸில் ஆள் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் 100 மில்லிமீட்டர் அளவில் தாழ வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அவன் 75 கிலோ, நீங்கள் 55 கிலோ என்றால் அவனுடைய ஸ்பிரிங்கில் பின்பக்கம் உயர்ந்தே நிற்கும், வேகமான பள்ளங்களில் பைக் தலையை ஆட்டும், நீங்களோ உங்களுக்குத்தான் ஓட்ட வரவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். டேப்பை எடுத்து அளக்க ஐந்து நிமிடம் போதும்.

செட்டிங்கைக் கொப்பி அடிக்காதீர்கள் என்றால் பேசாதீர்கள் என்று அர்த்தமில்லை. உங்கள் பைக்கைப் பற்றி மைதானத்தில் அதிகம் தெரிந்தவன் உங்கள் டீம்மேட்தான். எந்த வளைவில் எந்த கியர், எங்கே எக்ஸலேட்டரை மூடுகிறான், மழைக்குப் பிறகு எந்தப் பக்கம் சேறு தேங்குகிறது, இதெல்லாம் அவனிடம் கேட்டால் கிடைக்கும். நம்ம பக்கம் நடப்பது வேறு. ஸ்பொன்சர் ஒருவர், புது டயர் ஒரு சோடி, அதை யாருக்குப் போடுவது என்பதில் தொடங்கி, பிறகு ஒருவன் தன் செயின் பற்சக்கரமான ஸ்புரொக்கட்டை மற்றவன் பார்க்காதபடி மூடி வைப்பான், மற்றவன் வேண்டுமென்றே தப்பான கியர் சொல்வான், தோட்டத்தில் இரண்டு வீட்டுக்காரர்களும் பேச்சுவார்த்தை இல்லாமல் போவார்கள். யமஹாவின் மோட்டோஜிபி அணியில் 2008இல் டீம்மேட்களான வலென்டினோ ரொஸ்ஸிக்கும் ஹோர்ஹே லொரென்சோவுக்கும் நடுவே கராஜில் சுவர் வந்தது, ஒருவருக்கு பிரிட்ஜ்ஸ்டோன், மற்றவருக்கு மிஷெலின் டயர் என்ற நியாயம் அப்போது இருந்தது. 2009இல் எல்லாருக்கும் ஒரே டயர் ஆனது, சுவர் போகவில்லை. அவர்களுக்கு ஆளுக்கொரு பொறியாளர் கூட்டமே இருந்ததால் தாங்கியது. ஒரு பாஸும் ஒரு ஸ்பனர் பெட்டியும் உள்ள டீமுக்கு அது கட்டுப்படியாகாது.

அந்த 2008 லொரென்சோவைப் பாருங்கள். 250சிசியில் இரண்டு முறை சம்பியன், மோட்டோஜிபியில் முதல் மூன்று போட்டியிலும் முதலிடத்திலிருந்து புறப்படுகிற போல் பொசிஷன், மூன்றாவதில் வெற்றி. அடுத்தது ஷங்காய், பயிற்சியில் ஹைசைட், கணுக்காலில் எலும்பு முறிவு. அதோடு நிற்கவில்லை, லகுனா செகாவில் முதல் சுற்றிலேயே மறுபடி ஹைசைட். ஆரம்பத்தில் கிடைக்கிற வேகம் பழைய தைரியத்தில் வருவது, பைக்கின் எல்லை எங்கே என்று அதற்குத் தெரியாது. அதனால் முதல் இரண்டு மூன்று போட்டி நன்றாகப் போனால்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

வகுப்பைத் தாண்டிக் குதிப்பதைப் பற்றிச் சுருக்கமாக: ஜாக் மில்லர் 2015இல் கடைசி வகுப்பான மோட்டோ3இலிருந்து நடு வகுப்பான மோட்டோ2ஐத் தாண்டி நேராக மோட்டோஜிபிக்குப் போய் நிலைத்தார், 2022இல் அப்படியே போன டேரின் பைண்டர் ஒரே சீசனில் மோட்டோ2க்கு இறங்கினார். 125இலிருந்து 450க்குத் தாவ ஆசைப்படுகிறவர் நடுவில் 250இல் ஒரு சீசன் ஓடட்டும்.

றம்பொடை வளைவுகளிலோ ஹக்கலைப் பாதையிலோ பெரிய பைக்கைப் பழகுவது வேண்டவே வேண்டாம். மூடுபனி, தேயிலை லொறி, பாடசாலைப் பிள்ளைகள் எல்லாம் அதே ரோட்டில்தான். 2024 ஏப்ரல் 21 அன்று பொக்ஸ் ஹில்லில் ஒரு கார் ஓடுபாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். ஏற்பாடு செய்த ஓடுபாதையிலேயே அது நடந்தது.

டீம் நடத்துகிற அண்ணன்மாருக்கு ஒன்று. போட்டிக்கு முதல் நாளே முதல் வளைவைப் பற்றி இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். 2006இல் எஸ்டோரில் மோட்டோஜிபி போட்டியில், அந்த வருடம் புதிதாக வந்த பெட்ரோசா, சம்பியன்ஷிப்பில் முன்னணியில் இருந்த தன் டீம்மேட் நிக்கி ஹேடனை உள்பக்கமாக முந்தப்போய் விழுந்து அவரையும் விழுத்தினார். ரொஸ்ஸியைவிட 12 புள்ளி முன்னால் இருந்த ஹேடன் 8 புள்ளி பின்னால் போனார். கடைசிப் போட்டியில் ரொஸ்ஸி விழுந்ததால்தான் 5 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் ஹேடனுக்குக் கிடைத்தது. யார் உள்பக்கம், யார் வெளிப்பக்கம், சம்பியன்ஷிப்பில் முன்னால் இருப்பவனை மற்றவன் எந்தச் சுற்றுக்குப் பிறகு முந்தலாம் என்று வாய்விட்டுச் சொல்லி இருவரிடமும் சம்மதம் வாங்குங்கள். புதிதாக ஏறியவனுக்கு முதல் மூன்று போட்டியிலும் ஒரே வேலை கொடுங்கள், எல்லா ஹீட்டையும், அதாவது அன்றைய எல்லா ஓட்டச் சுற்றுப் பந்தயங்களையும், விழாமல் முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். டைம் ஷீட்டை அதுவரை அவன் கையில் கொடுக்காதீர்கள்.